ஊர் முழுவதும் விளையாட: கடலூர், சிதம்பரம் பகுதிகளில் உடலியக்கமும் சமூக விளையாட்டும்

உடலியக்கம் என்பது விளையாட்டை மட்டும் குறிப்பதில்லை. வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போவது, மிதிவண்டி ஓட்டுவது, வயலிலும் வீட்டிலும் உழைப்பது, நடனம், யோகா, சிலம்பம், கபடி, கால்பந்து என உடலை இயக்கிச் செய்யும் அனைத்தும் அதில் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் தேவை. கடுமையான பயிற்சியாக இருந்தால் 75 முதல் 150 நிமிடம் போதும். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் ஓடியாட வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் தடுமாறி விழாமல் இருக்க, உடல் சமநிலைக்கான பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும். உடலியக்கக் குறைவை 2030க்குள் 15 சதவீதம் குறைப்பதை அந்நிறுவனம் 2018இல் வெளியிட்ட உலகச் செயல்திட்டம் இலக்காகக் கொண்டது.

இந்தியா அந்த இலக்குக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது. 2024இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு, 2022ஆம் ஆண்டில் உலகின் வயது வந்தவர்களில் 31 சதவீதத்தினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என மதிப்பிட்டது. இந்தியாவில் இது ஏறத்தாழப் பாதி. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்விலும் 54.4 சதவீதத்தினர் உடலியக்கம் குன்றியவர்களாக இருந்தனர். ஓய்வு நேரத்தில் விளையாட்டோ உடற்பயிற்சியோ செய்பவர்கள் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை என்பது அந்த ஆய்வின் கவனத்துக்குரிய முடிவு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 11.4 சதவீதமாக உள்ள நீரிழிவு தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் எனக் கண்டறிந்தது.

இந்த எண்களை மாற்றும் வேலை மாநிலத் தலைநகரில் முடிவதில்லை. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் இடம், அங்கே நாள்தோறும் ஒரே நேரம், அந்த நேரத்துக்குத் தவறாமல் வந்து நிற்கும் ஒரு பொறுப்பாளர் ஆகிய மூன்றும் ஒரு தெருவுக்கோ ஊருக்கோ கிடைக்கும்போதுதான் மாற்றம் தொடங்குகிறது. கடலூரும் சிதம்பரமும் இதை ஆராய ஏற்ற பகுதிகள். மைதானம், கடற்கரை, பல்கலைக்கழகம், நாட்டின் அணிக்கு வீராங்கனைகளைத் தந்த பயிற்சி மரபு ஆகிய அனைத்தும் இங்கே உள்ளன. அவற்றின் பயன் யாரை எட்டுகிறது, யாரை எட்டவில்லை என்பதே கேள்வி.

உழைப்பு குறைந்த ஊர்கள்

பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிக்கப்பட்டபோது கடலூர் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை சுமார் 26 லட்சம். கடலூர் நகரில் சுமார் 1.73 லட்சம் பேரும் சிதம்பரம் நகரில் சுமார் 62 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். கடலூர் 2021இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. மாவட்ட மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கிராமங்களில் இருக்கிறார்கள். ஊராட்சிகளின் எண்ணிக்கை 683.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் கிராமங்களில் உடலியக்கத்தைத் தனியாக ஊக்குவிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வீராணம் பாசனப் பகுதியில் நாற்றுப் பறித்து நட்டு, களையெடுத்து, அறுத்து, கட்டுத் தூக்கிக் களம் சேர்ப்பது வரை எல்லாம் கையாலும் காலாலும் நடந்தது. இன்று நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வருகிறது. கட்டுமரத்தில் துடுப்புப் போட்ட கடற்கரை ஊர்களில் மோட்டார் பொருத்திய ஃபைபர் படகுகள் ஓடுகின்றன. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே பகலைக் கழிக்கிறார்கள். அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போன பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் இருசக்கர வாகனத்துக்கு மாறிவிடுகிறார்கள்.

உழைப்பின் சுமை குறைந்தது நல்ல மாற்றம். அதைத் திரும்பக் கொண்டுவர யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் உழைப்பு விட்டுச் சென்ற இடத்தை விளையாட்டு நிரப்பவில்லை. விளையாட்டு என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் பரிசு வாங்குபவர்களுக்கும் உரியது என்ற எண்ணம் ஊரில் வலுவாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. வகுப்பு வேறு பாடத்துக்குப் போய்விடுகிறது. பெண் பிள்ளைகள் பூப்பெய்தியதும் மைதானத்திலிருந்து விலக்கப்படுகிறார்கள். ஆண்களும் வேலைக்குச் சேர்ந்து மணம் முடித்தபின் ஆட்டத்தை விட்டுப் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள்.

இருக்கும் இடங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகப் பகுதியை ஒட்டிய பெரிய மைதானமும் அண்ணா விளையாட்டரங்கமும் நகரத்தின் விளையாட்டு மையங்கள். மாவட்ட அளவிலான போட்டிகளும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சிகளும் அரங்கத்தில் நடக்கின்றன. மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பொருட்காட்சி, பொதுக்கூட்டம், அரசு விழா என வேறு பயன்களும் உண்டு. பந்தலும் கடைகளும் அமைக்கப்படும் நாட்களில் அங்கு வழக்கமாக ஆடும் பிள்ளைகளுக்கு மாற்றிடம் சொல்லப்படுவதில்லை என்றால், அந்த வழக்கம் அறுந்துவிடும். ஒரு மாதம் அறுந்த வழக்கத்தைத் திரும்பக் கட்டுவது எளிதன்று.

தேவனாம்பட்டினத்தில் உள்ள வெள்ளிக் கடற்கரையில் காலை, மாலை நேரங்களில் நடப்பவர்களையும் ஓடுபவர்களையும் காணலாம். மணலில் நடப்பது கட்டாந்தரையில் நடப்பதைவிட அதிக ஆற்றலைக் கோருகிறது. மீனவ ஊர்களில் கைப்பந்து வேரூன்றிய ஆட்டம். இரு கம்பமும் ஒரு வலையும் இருந்தால் வெறும் மணலே ஆடுகளமாகிறது. உள்ளூரில் ஏற்கெனவே விரும்பப்படும் ஓர் ஆட்டத்தைப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் விரிவாக்குவது, பழக்கமில்லாத ஆட்டத்தைப் புதிதாகக் கொண்டுவருவதைவிடக் குறைந்த செலவில் கூடுதல் பலன் தரும்.

சிதம்பரத்தின் பெரும் வளம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929இல் தொடங்கப்பட்டு, 2013இல் மாநில அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்த இந்த நிறுவனம், விரிந்த வளாகத்தையும் மைதானங்களையும் உடற்கல்வித் துறையையும் கொண்டது. அதே அண்ணாமலைநகரில் கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. உடற்கல்வி பயிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சிக் களம் தேவை. சுற்றியுள்ள ஊராட்சிகளுக்குப் பயிற்றுநர் தேவை. பயிற்சி ஆசிரியராகப் பள்ளிக்குப் போவதைப் போலவே ஒரு கிராமத்தில் ஒரு பருவம் பணியாற்றுவதையும் படிப்பின் பகுதியாக்கினால் இரு தேவைகளும் ஒருங்கே நிறைவேறும்.

நகரத்தின் நடுவே நடராசர் கோயிலைச் சூழ்ந்த நான்கு தேர் வீதிகள் உள்ளன. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேரோடும்போது இந்த வீதிகள் வாகனங்களை விலக்கி மக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. போக்குவரத்தை மாற்றிவிடும் முறை காவல்துறைக்கும் கடைக்காரர்களுக்கும் பழகியது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகள் வாகனங்களுக்கு மூடப்பட்டு, நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் விடப்படுகின்றன. இன்று அந்த ஏற்பாடு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளில் நடக்கிறது. சிதம்பரத்தில் ஞாயிறு காலை ஐந்து முதல் எட்டு மணி வரை நான்கு வீதிகளுக்கு அதே ஏற்பாட்டைச் செய்யப் புதிய கட்டுமானம் எதுவும் தேவைப்படாது.

நடனத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கோபுர வாயில்களில் 108 கரணங்கள் செதுக்கப்பட்ட ஊர் சிதம்பரம்; 1981 முதல் மகா சிவராத்திரியையொட்டி இங்கு நாட்டியாஞ்சலி நடந்துவருகிறது. மைதானத்துக்குப் பெண்ணை அனுப்பத் தயங்கும் பல குடும்பங்கள் பரதநாட்டிய வகுப்புக்கு மகிழ்ச்சியோடு அனுப்புகின்றன. அரைமண்டியில் நின்று ஒரு மணி நேரம் அடவு பழகுவது தீவிரமான உடற்பயிற்சியே. கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பெண்களுக்கும் அது கிடைக்குமாறு செய்வது, கும்மி, கோலாட்டம், கரகம் போன்ற ஊர்க்கலைகளுக்கும் பள்ளிகளில் இடம் தருவது ஆகியவை பொது நலத்துக்கான செலவுகள்.

கடலூர்ப் பெண்கள் கால்பந்து

சமூக விளையாட்டு எப்படி வேர்கொள்கிறது என்பதற்குக் கடலூர்ப் பெண்கள் கால்பந்து தெளிவான சான்று. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி இம்மாவட்டக் கடற்கரையில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கடலூரில் அரசுக் காப்பகம் ஏற்பட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், பயிற்சியாளர் மாரியப்பனின் முயற்சியால் காப்பகங்களிலும் விடுதிகளிலும் எளிய குடும்பங்களிலும் இருந்த பெண்கள் கால்பந்து ஆட வந்தனர். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் என்ற பெயரில் அந்த முயற்சி வளர்ந்தது. ஏழே அணிகள் ஆடிய 2017–18 இந்தியப் பெண்கள் லீக் இறுதிச் சுற்றில் இக்கழகத்தின் அணியும் இடம்பெற்றது.

கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்கு ஆடினர். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரானார். 2018இல் தேசிய சீனியர் பெண்கள் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாடு முதன்முறையாகப் பட்டம் வென்றது. இறுதி ஆட்டத்தில் தோற்றது, அப்பட்டத்தைப் பல முறை வென்ற மணிப்பூர். 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் பட்டம் பெற்றது.

இந்த வரலாற்றில் கோப்பைகளைவிட அவற்றுக்கு முந்தைய ஏற்பாடே சமூகத்துக்குப் பாடம். ஒன்றாகத் தங்கிப் படிக்கும் பெண்கள் என்பதால் பயிற்சிக்குத் தனியே போய்வரும் அச்சம் இல்லை. மூத்தவர்கள் ஆடுவதைப் பார்த்து இளையவர்கள் சேர்ந்தனர். புதிதாக வரும் சிறுமிக்கு முன்மாதிரி பக்கத்து அறையிலேயே இருந்தாள். பயிற்சியாளர் இடமாறிப் போகாமல் பல ஆண்டுகள் அதே ஊரில் நின்றார். ஆட்டம் படிப்புக்கும் வேலைக்கும் வழிவிட்டதால் குடும்பங்களின் எதிர்ப்பு தளர்ந்தது. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 சதவீத இடஒதுக்கீடு அதற்கு வலுச் சேர்க்கிறது. நாட்டின் அணிக்குப் போனவர்கள் சிலர்தான். ஓடவும் வெல்லவும் தோற்கவும் பயணம் போகவும் கற்றுக்கொண்ட மற்ற பெண்கள் அவர்களைவிடப் பல மடங்கு. ஒரு சமூகத் திட்டத்தின் பலனை அந்தப் பெரும்பான்மையிடம்தான் தேட வேண்டும்.

திட்டங்கள் தருவதும் தராததும்

மாநில அரசின் அண்மைத் திட்டங்கள் பல பொதுமக்களைக் குறிவைத்தவை. முதலமைச்சர் கோப்பை 2023 முதல் பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு, அரசு ஊழியர், மாற்றுத்திறனாளிகள் என ஐந்து பிரிவுகளில் நடக்கிறது. ஊராட்சிகளுக்குக் கிரிக்கெட் மட்டை, கைப்பந்து, கால்பந்து முதலான பொருட்கள் அடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பை வழங்கும் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 2023 நவம்பர் 4 அன்று எல்லா மாவட்டங்களிலும் தொடங்கப்பட்டு, மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. கோடை விடுமுறையில் மாவட்ட விளையாட்டரங்குகளில் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன.

போட்டி மக்களைத் திரட்டுகிறது. ஆனால் அது ஆண்டில் சில நாட்களில் முடிந்துவிடும், முதல் சுற்றில் தோற்றவர் மறுநாளே வீடு திரும்புவார். உபகரணம் ஆட்டத்துக்கு வழி செய்கிறது. ஆனால் பெட்டியின் சாவி யாரிடம், பந்து கிழிந்தால் மாற்றுவது யார் என்று முடிவாகாத ஊரில் அது ஊராட்சி அலுவலக அலமாரியிலேயே தங்கிவிடும். எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை பழகியவர்களுக்கு ஏற்றது. மூட்டுவலியுள்ள ஐம்பது வயதுப் பெண்ணுக்கு ஒன்றரைக் கிலோமீட்டரில் திரும்பும் குறும்பாதையும், நடுவே உட்கார ஒரு திண்ணையும் குடிநீரும் வேண்டும். கோடை முகாமில் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்தில் அடுத்த இடம் சொல்லப்பட வேண்டும். திட்டம் தொடங்கிவைப்பதை ஊர் தொடர வேண்டும். அதற்கு ஊரில் ஓர் அமைப்பு தேவை.

அந்த அமைப்புக்கான விதை ஏற்கெனவே இருக்கிறது. பொங்கலுக்கு உறியடி, வழுக்குமரம், ஓட்டப்பந்தயம் நடத்துவதும், இரவில் மின்னொளி கபடிப் போட்டி நடத்துவதும் ஊர் இளைஞர் மன்றங்களே. பந்தல் போட்டு, பரிசு திரட்டி, நடுவரை அழைத்து, வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு போடும் திறமை அவர்களிடம் உண்டு. அதே மன்றம் மாலைதோறும் சிறுவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஆண்டுக்கு ஒரு முறை விழாவாக இருப்பது அன்றாட வழக்கமாகும். மன்றங்களுக்கு ஊராட்சி தரும் உதவியை இந்த அன்றாடப் பணியோடு இணைப்பது பொருத்தமான நிபந்தனை.

விலகி நிற்பவர்கள்

பெண்கள் ஆடாததற்கு ஆர்வமின்மை காரணமென்று சொல்வது தவறு. விடிகாலையும் அந்தி நேரமும் விளையாட்டுக்கு ஏற்றவை. அதே நேரங்களில்தான் சமையலும் தண்ணீர் பிடிப்பதும் பிள்ளைகளைக் கிளப்புவதும் அவர்கள் தலையில் விழுகின்றன. அவர்களுக்கு முற்பகல் பதினொரு மணியோ பிற்பகல் மூன்று மணியோ வசதிப்படலாம். அதற்கு நிழலான கூடம் தேவை. மைதானத்தில் விளக்கும் கழிப்பறையும் இல்லாவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் நிலைக்கமாட்டார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் வாரந்தோறும் கூடுகின்றன. அந்தக் கூட்டத்தோடு அரை மணி நேர எறிபந்தோ யோகாவோ சேர்ந்தால் தனியாக ஆள் திரட்ட வேண்டியதில்லை.

உடலுழைப்பாளர்களின் நிலை வேறு. கூலி வேலையும் நூறு நாள் வேலையும் முடித்து வரும் பெண்ணிடம் இன்னும் ஓடச் சொல்வது பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது முதுகுக்கும் தோளுக்கும் தளர்வு தரும் பயிற்சி, ஓய்வு, மனமகிழ்ச்சி. முந்திரி உடைப்பவர்களுக்கு மணிக்கொரு முறை எழுந்து நடக்க அனுமதி கிடைப்பதே பெரிய மாற்றம்.

சாதி பற்றிப் பேசாமல் ஊர் மைதானத்தைப் பற்றிப் பேச முடியாது. ஊர்த்தெருவும் காலனியும் தனித்தனியாக உள்ள கிராமங்களில் மைதானம் எந்தப் பக்கம் அமைகிறது என்பதே யார் ஆடுவார் என்பதைத் தீர்மானிக்கிறது. அணிகள் தெரு வாரியாகப் பிரிந்தால் ஆட்டத்தின் சூடு ஊர்ப் பகையாக மாறக்கூடும். மைதானம் பள்ளி வளாகம் போன்ற பொது இடத்தில் அமைவது, அணிகளைப் பல தெருக்களிலிருந்தும் கலந்து அமைப்பது, பயிற்றுநரும் பொறுப்பாளரும் எல்லாப் பிரிவினராகவும் இருப்பது ஆகியவை தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டிய விதிகள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு முதலமைச்சர் கோப்பையில் தனிப்பிரிவு கிடைத்தது முன்னேற்றம். ஆனால் போட்டிக்கு முன் பழகுவதற்கு அவரவர் ஊரில் சாய்வுப்பாதையும் துணைக்கு ஒருவரும் வேண்டும். முதியவர்களை எட்ட எளிய வழி, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர், அந்தத் தெருவில் நடைக்குழு கூடும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போனால், மருந்தும் உடலியக்கமும் ஒரே கையால் வீட்டை எட்டும்.

வெயிலும் மழையும்

கடலூர்க் கடற்கரையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயிலோடு புழுக்கமும் சேர்கிறது. காற்றில் ஈரம் மிகும்போது வியர்வை எளிதில் ஆவியாவதில்லை; உடல் சூடு தணிவது தாமதமாகிறது. எனவே காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை கடும் பயிற்சியைத் தவிர்ப்பது, இருபது நிமிடத்துக்கொரு முறை தண்ணீர் தருவது, புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சியைப் பத்து நாட்களில் படிப்படியாகக் கூட்டுவது ஆகியவை கட்டாய விதிகள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலும் 2015 வெள்ளமும் காட்டியதுபோல், தாழ்வான இம்மாவட்டத்தில் மைதானங்கள் நாட்கணக்கில் நீரில் கிடக்கும். மழைக்கால மாற்றிடம் இல்லாத திட்டம் ஆண்டில் கால்பங்கை இழக்கிறது. பள்ளிக் கூடங்கள், சமுதாயக் கூடங்கள், எச்சரிக்கை இல்லாத நாட்களில் கடற்கரைப் புயல் பாதுகாப்பு மையங்கள் ஆகியவற்றில் கேரம், மேசைப்பந்து, யோகா, சிலம்ப அடிப்படைகள் நடத்தலாம். மைதானத்தின் ஓரத்தில் வடிகால் வெட்டி, தரையை மேடாக்குவது அலங்கார வளைவு கட்டுவதைவிட முதன்மையான செலவு.

அளவிடும் முறை

சமூக விளையாட்டின் வெற்றியைப் பதக்கத்தாலும் திறப்பு விழாக்களாலும் அளக்க முடியாது. ஒவ்வொரு ஊராட்சியும் வார்டும் சில எளிய கணக்குகளை வைத்துக்கொள்ளலாம்: வாரத்தில் எத்தனை நாள் மைதானம் திறந்திருந்தது, வந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், அறுபதைக் கடந்தவர் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், மூன்று மாதத்துக்கு முன் சேர்ந்தவர்களில் இன்னும் வருபவர் எத்தனை பேர். இந்தக் கடைசி எண் எல்லாவற்றிலும் முக்கியமானது. கூட்டம் சேர்ப்பது ஒரு நாள் வேலை, தக்கவைப்பதே பணி. ஆண்டுக்கொரு முறை அண்ணாமலைப் பல்கலைக்கழக உடற்கல்வி மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் உலக சுகாதார நிறுவனத்தின் உடலியக்க வினாத்தாளைத் தமிழில் கொண்டுபோய்ச் சில ஊர்களில் கணக்கெடுத்தால், மாவட்டத்துக்கென நம்பத்தக்க தரவு உருவாகும்.

செலவின் முறைவரிசையும் அதற்கேற்ப மாற வேண்டும். முதலில் ஏற்கெனவே உள்ள இடங்களைக் குறித்த நேரத்தில் திறந்துவைப்பது. அரசுப் பள்ளி மைதானங்களைப் பள்ளி முடிந்தபின் ஊருக்கு விடுவது இதில் அடங்கும். அடுத்து ஒவ்வோர் இடத்துக்கும் சிறு ஊதியத்தோடு உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பது; அவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருப்பது. அதன்பின் விளக்கு, கழிப்பறை, குடிநீர், முதலுதவிப் பெட்டி. புதிய அரங்கங்களும் பெரும் போட்டிகளும் இவற்றுக்குப் பிறகே வர வேண்டும். இந்த வரிசையில் செலவிட்டால், கடலூர்க் கால்பந்துப் பெண்களுக்கு ஒரு காலத்தில் கிடைத்த இடமும் நேரமும் தவறாத ஆசிரியரும் 683 ஊராட்சிகளில் வாழும் சாதாரண மக்களுக்கும் கிடைக்கும்.